கரையில் விழும் புன்னைக்கொட்டையும் போத்தலில் வரும் தமனு எண்ணெயும்

தோலுக்குப் பூசும் பொருள்களை இணையத்தில் வாங்கிப் பழகியவர்களுக்கு 'தமனு ஆயில்' என்ற பெயர் புதிதல்ல. சின்னக் கறுப்புப் போத்தல், துளித்துளியாக விட ஒரு கண்ணாடிக் குழாய், லேபலில் பசுபிக் தீவொன்றின் படம். தழும்பு மறையும், முகப்பரு அடங்கும், சுருக்கம் போகும் என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'கலோஃபிலம் இனோஃபிலம் சீட் ஆயில்' என்று இருக்கும். அந்தத் தாவரவியல் பெயருக்குரிய மரம் நம்முடைய புன்னை. சிங்களத்தில் தொம்ப. தாஹிட்டித் தீவில் அதே மரத்துக்குத் தமனு என்று பெயர், அந்தப் பெயரில்தான் அது உலகச் சந்தைக்குப் போனது.

ஏறாவூரில் ஒரு புன்னைக்குடா, மட்டக்களப்பு நகரத்தில் ஒரு புன்னைச்சோலை என்று மரத்தின் பேரில் இடங்களை வைத்திருக்கிற நாம், அதன் எண்ணெயை வேறு பெயரில் காசு கொடுத்து வாங்குகிறோமே என்று ஆதங்கப்படுவது சுலபம். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் மரம் இருந்தால் மட்டும் எண்ணெய் வந்துவிடாது. புன்னை எண்ணெயின் நல்லது கெட்டதில் முக்கால்வாசி தீர்மானமாவது கொட்டை மண்ணில் விழுந்த பிறகு, அதை உலர்த்துகிற அந்த ஒன்றரை இரண்டு மாதத்தில். அது தெரியாவிட்டால் வாங்கினாலும் ஏமாறுவோம், வீட்டில் செய்தாலும் ஏமாறுவோம்.

புன்னை கடலோரத்து மரம். உப்புக்காற்று, மணல், வெயில் மூன்றையும் தாங்கி வளரும். நெய்தல் நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் புன்னையை விட்டுவைக்கவில்லை. கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, பசுபிக் தீவுகள் வரைக்கும் ஒரே இனம் பரவியிருப்பதற்குக் காரணம் அதன் கொட்டை. வெளியே கடினமான ஓடு, அதற்குள் தக்கைப் படை, நடுவில் பருப்பு. இந்த அமைப்பால் கொட்டை கடலில் மிதக்கும், நீரோட்டத்தோடு போய் இன்னொரு கரையில் ஒதுங்கி முளைக்கும். மரத்தைத் தோணி கட்டவும் பாய்மரத்துக்கும் எடுத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் வருவதற்கு முன் இந்தக் கொட்டையின் எண்ணெயில் விளக்கெரித்திருக்கிறார்கள். மூட்டுவலிக்கும் சொறி சிரங்குக்கும் மேலுக்குப் பூசுவது நாட்டு வைத்தியத்தில் பழைய வழக்கம். உள்ளுக்குக் கொடுக்கும் எண்ணெய் அல்ல இது. சமையலுக்கு ஆகாது, நச்சுத்தன்மை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காய் உருண்டையானது, குறுக்களவு இரண்டரை முதல் நாலு சென்ரிமீற்றர். பச்சையாக இருந்து பழுக்கும்போது மஞ்சளித்து, தோல் சுருங்கி, கீழே விழும். மேல்சதையை வௌவால் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிடும். அப்படிச் சுத்தமாகக் கிடக்கும் கொட்டைதான் பொறுக்குவதற்கு நல்லது.

அன்று விழுந்த கொட்டை ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே உருண்டையாக வெளிர்மஞ்சள் பருப்பு. நகத்தால் கீறினால் ஈரம் தெரியும், எண்ணெய் தெரியாது. நசுக்கினால் மாவாகும், வடியாது. அதே பருப்பை வெயிலில் ஆறேழு கிழமை போட்டுவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். சுருங்கி, முதலில் செம்மண் நிறமாகி, பிறகு கருஞ்சிவப்பாகி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். இரண்டு விரலால் அழுத்தினால் பச்சை கலந்த எண்ணெய் நகக்கண்ணில் ஏறும். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அந்த வாசம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும். நன்றாக உலர்ந்த பருப்பின் நிறையில் பாதிக்கும் மேல் எண்ணெய்தான்.

தேங்காயைக் கொப்பறாவாக்கி ஆட்டுவது போன்ற வேலைதான் இது என்று தோன்றும். ஆனால் தேங்காயில் அவசரக்காரருக்கு இன்னொரு வழி இருக்கிறது. பச்சையாகத் திருவிப் பால் பிழிந்து காய்ச்சினாலும் எண்ணெய் பிரியும். புன்னையில் அந்தக் குறுக்குவழி இல்லை. ஈரம் முழுதும் போகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற அந்த நாள்களில்தான் கெடுதலும் நடக்கும். பருப்பில் ஈரம் தங்கினால் அதற்குள்ளேயே இருக்கும் நொதிகள் கொழுப்பைப் பிரித்துக் கொழுப்பமிலங்களைத் தனியே விட்டுவிடும், மேலே பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப்பட்ட பருப்பில் ஆட்டிய எண்ணெய் காறல் அடிக்கும், தோலில் பட்டால் உறைக்கும். ஒரே மரத்தின் கொட்டையிலிருந்து நல்ல எண்ணெயும் வரும், எரிச்சல் எண்ணெயும் வரும் என்பதன் காரணம் இதுதான்.

இந்த விஷயத்தில் எங்கள் கரைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசிக்குப் பிறகு தை வரைக்கும் மாரி. ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்தச் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். ஆனால் வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சான் வீசும். மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே மழையாகப் பொழிந்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி, காய்ந்துபோய் வரும். முகத்தில் அனலடிக்கிறது, மனிதன் இருக்க முடியவில்லை என்று நாம் சலித்துக்கொள்ளும் அந்தக் கச்சான், கருவாடு போடுபவர்களுக்கு வரம். புன்னைப் பருப்புக்கும் அதுதான் காலம். மாரியில் விழுந்த கொட்டையை நனைய நனையப் பொறுக்கி, அடுப்படியில் பரப்பி, எப்படியோ காய வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணெயை முகத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

ஓட்டை உடைத்துப் பருப்பைப் பன்பாயில் பரப்பலாம். தறப்பாளில் போட்டால் அடியில் வேர்த்து ஈரம் நிற்கும். வலை அடித்த தட்டை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தால் இன்னும் நல்லது, காற்று இரண்டு பக்கமும் போகும். பொழுதுபட்டால் எடுத்து உள்ளே வைக்க வேண்டும், பனி படக் கூடாது. பூஞ்சணம் கண்ட பருப்பைத் துடைத்துச் சேர்க்கக் கூடாது, எறிந்துவிட வேண்டும். அப்புறம் செக்கு. ஊரில் எண்ணெய் ஆட்டும் மெஷின் எதுவானாலும் சூடேறாமல் மெதுவாக ஆட்டினால் சரி. ஆனால் தேங்காயும் எள்ளும் ஆட்டுகிற அதே மெஷினில் இதை ஆட்டவே கூடாது. உள்ளே ஒட்டி நிற்கிற புன்னையெண்ணெய் அடுத்த ஆளின் சமையல் எண்ணெயில் கலந்துவிடும். சின்ன அளவில் செய்து பார்க்க நினைக்கிற பலரும் யோசிக்காத இடம் இது. தனி மெஷின் இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு எடுத்த எண்ணெய் தோலில் என்ன செய்கிறது?

தோலின் மேற்படை காய்ந்த உயிரணுக்களால் ஆனது. அவற்றின் இடைவெளிகளை ஒருவகைக் கொழுப்புக் கலவை நிரப்பி, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறது. சவர்க்காரம், உப்புத்தண்ணி, வெயில், வயது எல்லாம் அந்தக் கலவையை அரிக்கின்றன. அப்போதுதான் தோல் வரண்டு, வெளிறி, வெடிக்கிறது. பழக்கொட்டை எண்ணெய் எதுவானாலும், அது முந்திரிகைப்பழ (திராட்சை) விதையாக இருக்கட்டும் மாதுளை விதையாக இருக்கட்டும், முதலில் செய்கிற வேலை ஒன்றுதான்: மேலே ஒரு மெல்லிய மூடியாக இருந்து தண்ணீர் போவதைக் குறைக்கிறது. அதற்கு மேல் எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் வருவது கொழுப்பமிலங்களால். லினோலெயிக் அமிலம் தோலின் தடுப்புப்படைக்கு வேண்டிய பொருள். ஒலீயிக் அமிலம் தோலுக்குள் நன்றாக இறங்கும், ஆனால் அதுவே அதிகமானால் தடுப்புப்படையைத் தளர்த்தியும் விடும். புன்னையெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு ஒலீயிக், 30 பங்கு லினோலெயிக், மீதியில் பெரும்பகுதி ஸ்டீயரிக்கும் பால்மிற்றிக்கும். மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடிக்குறையும். இந்த அளவில் பார்த்தால் நல்லெண்ணெயிலிருந்து பெரிதாக வேறுபடுகிற எண்ணெய் என்று சொல்ல முடியாது.

வேறுபாடு பிசினில் இருக்கிறது. புன்னையெண்ணெயில் கொழுப்பைத் தவிர, பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பிசின் சேர்ந்த பகுதி உண்டு. அடர்பச்சை நிறமும், வறுத்த பருப்பும் கசாயமும் கலந்த அந்த வாசமும், தோலில் வைத்தால் உடனே வழியாமல் நிற்கிற கெட்டித்தன்மையும் அதனால்தான். கலோஃபிலோலைட், இனோஃபிலம் என்று பெயரிட்ட பொருள்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. கலோஃபிலோலைட்டை 1950களிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். வீக்கத்தைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு என்று விலங்குகளில் காட்டியிருக்கிறார்கள். இனோஃபிலம் வகைகளில் சில, எயிட்ஸ் வைரஸின் ஒரு நொதியைத் தடுக்கின்றன என்று 1993இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். அதை வைத்து எண்ணெயே எயிட்ஸுக்கு மருந்து என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அந்தப் பொருள்கள் மருந்தாக வரவில்லை.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய விஷயமும் இதில்தான் இருக்கிறது. பச்சை நிறமும் வாசமும் பிடிக்காதவர்களுக்காகச் சில கம்பனிகள் எண்ணெயைச் சுத்திகரித்து, வெளிர்மஞ்சளாக, வாசமில்லாமல் தருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நிறத்தோடு பிசினும் போய்விடும், எந்தக் குணத்துக்காகக் காசு கொடுத்தோமோ அதுவும் போய்விடும். மிஞ்சுவது சாதாரணக் கொழுப்பு. அதற்கு வீட்டில் இருக்கிற நல்லெண்ணெயே போதும்.

தோல் நோயோடு இந்த எண்ணெய்க்கு இருந்த தொடர்பில் ஒரு பழைய அத்தியாயம் உண்டு. ஃபிஜித் தீவுகளில் மக்கோகாய் என்ற சிறு தீவில் 1911 முதல் 1969 வரை தொழுநோய் வைத்தியசாலை ஒன்று இருந்தது. அங்கே பணிசெய்த மரீ சூசான் என்ற கன்னியாஸ்திரி, தொழுநோயாளரின் நரம்பு வலியைத் தணிக்கப் புன்னையெண்ணெயைப் பயன்படுத்தினார். நோயாளரை ஒரு தீவில் ஒதுக்கி வைப்பது அந்தக் காலத்து உலக வழக்கம். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவும் அதற்காகத்தான் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை வைத்தியர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் கொட்டை எண்ணெய்கள்தான், நீரடிமுத்து எண்ணெய் அவற்றில் முக்கியமானது. இன்று நிலைமை வேறு. தொழுநோய்க்குக் கூட்டு மருந்து உண்டு, அரச வைத்தியசாலையில் இலவசம், ஒழுங்காக எடுத்தால் முழுதும் குணமாகும். கிழக்கில் இன்றும் புதிதாக நோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனமில்லை: தோலில் வெளிறிய படை ஒன்று தோன்றி, அதில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால், எந்த எண்ணெயையும் பூசிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். நேரே வைத்தியரிடம் போங்கள்.

இன்றைய ஆய்வுகளுக்கு வருவோம். 2015இல் இந்தோனேசியா, தாஹிட்டி, ஃபிஜி, நியூ கலிடோனியா ஆகிய இடங்களின் புன்னையெண்ணெய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்த ஆய்வொன்று வெளியானது. தோலுயிரணுக்கள் காயத்தின் இடைவெளியை விரைவாக மூடின, பருவோடு தொடர்புடையது உட்படச் சில பக்டீரியாக்கள் கட்டுப்பட்டன என்று அது சொன்னது. இடத்துக்கு இடம் வேறுபாடும் தெரிந்தது. இவை கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் கண்டவை. 2017இல் கலோஃபிலோலைட் எலிகளின் காயத்தை ஆற்ற உதவியதாக இன்னோர் ஆய்வு வந்தது. மனிதர்களில், போதிய ஆள்களை வைத்துச் செய்த சோதனைகள் மிகக் குறைவு. ஆகவே காயம் ஆறிய இடத்தில், தோல் மூடிய பிறகு, தழும்பு இறுகாமல் இளக உதவக்கூடும் என்ற அளவுக்குச் சொல்லலாம். பழைய ஆழமான தழும்பை அழித்துவிடும் என்பது வியாபாரப் பேச்சு.

'இயற்கையான சன்ஸ்கிறீன்' என்ற பேச்சும் அப்படித்தான். இந்த எண்ணெய் புறஊதாக் கதிரில் ஒரு பகுதியை உறிஞ்சுகிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டது உண்மை. அதை நம்பி மதிய வெயிலில் பாசிக்குடாவில் குளிக்கப் போனால் தோல் கருகும். முகத்தை வெள்ளையாக்கும் என்பதற்கோ அடிப்படையே இல்லை. கறுப்பு நிறத்தை ஒரு குறையாகக் காட்டி விற்கிற எந்தப் பொருளின் மீதும் எனக்கு மரியாதை கிடையாது. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருந்து பிடிபட்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

என் கணக்கில் இந்த எண்ணெயின் உண்மையான இடம் கையும் காலும். கரைவலை இழுக்கிறவரின் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? உப்பில் ஊறிய கயிறு அறுத்து அறுத்து, ரேகை எது வெடிப்பு எது என்று தெரியாமல் இருக்கும். வெள்ளாமைக்காரரின் குதிக்காலும் அப்படித்தான், வயல் வற்றியபின் வெடிப்புக்குள் மண் புகுந்து இரத்தம் கசியும். இப்படித் தடித்த தோலில் தேங்காயெண்ணெய் சீக்கிரம் வழிந்துவிடும். புன்னையெண்ணெய் கெட்டியாக நிற்கும். இரவில் காலைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தடவி, பழைய சொக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தால் சில நாளில் வித்தியாசம் தெரியும். ஆனால் விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி அரிக்கிற சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. அதற்குப் பாமசியில் இருக்கிற பூஞ்சைக் கிறீம்தான் சரி, எண்ணெய் பூசினால் இடம் இன்னும் ஈரித்துப் போகும். ஊரில் வயதான ஒரு அம்மம்மாவிடம் போத்தலைக் காட்டியபோது மணந்து பார்த்துவிட்டு, "என்ன மனே, இதப் போய் முகத்துலயா பூசப் போறாய்? காலுக்குப் பூசுற எண்ணெயெல்லோ இது" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

முகத்துக்கே வேண்டும் என்பவர்கள் தனியாகப் பூச வேண்டாம். பத்தில் ஒரு பங்கு புன்னையெண்ணெய், மீதி நல்லெண்ணெய் என்று கலந்தால் போதும். முகப்பரு வருகிற தோலுக்குத் தேங்காயெண்ணெயில் கலக்காமல் இருப்பது நல்லது, அது பலருக்குத் துவாரத்தை அடைக்கும். முதலில் முழங்கைக்கு உட்புறத்தில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். இந்த எண்ணெயால் ஒவ்வாமை வந்து தோல் சிவந்து தடித்துப்போனவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் உண்டு. பிசினில் வீரியம் இருக்கிறது என்றால் அந்த வீரியம் சிலருக்கு எதிராகவும் திரும்பும். கொட்டை வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், கைக்குழந்தைகள், திறந்த புண், கண்ணுக்குப் பக்கம் என்றால் வேண்டவே வேண்டாம்.

இதை இங்கேயே ஒரு சிறு தொழிலாகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், முடியும், ஆனால் அவசரப்படாதீர்கள் என்பதுதான். விழுந்த கொட்டையைப் பொறுக்குவதால் மரத்துக்குக் கேடில்லை. கேடு வருவது கரையில் கட்டடம் எழும்பும்போது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் மரம் வேண்டும் என்ற பேச்சு எங்கும் எழுந்தது. சீக்கிரம் வளர்கிறது என்று பல இடங்களில் சவுக்கை நட்டார்கள். புன்னை மெதுவாக வளரும், ஆனால் நின்றால் தலைமுறைக்கு நிற்கும். நடுவதும் கடினமல்ல. ஓட்டோடு புதைத்தால் முளைக்க இரண்டு மாதமளவு ஆகும், ஓட்டைக் கவனமாக நீக்கிப் பருப்பை நட்டால் மூன்று கிழமையளவில் முளை தெரியும். எண்ணெய்க்குப் பொறுக்குகிற குழு எதுவானாலும் சாக்கில் ஒரு பிடியை நாற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

வாங்குகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்று நாலு விஷயம்தான். எந்த மாதம் பொறுக்கியது, எத்தனை நாள் காய்ந்தது, சூடாக்காமல் ஆட்டியதா, எப்போது ஆட்டியது. இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம், லேபல் எவ்வளவு அழகாக இருந்தாலும். எண்ணெய் கடும்பச்சையாகவோ பச்சை கலந்த மண்ணிறமாகவோ இருக்க வேண்டும். அடியில் கொஞ்சம் மண்டி நிற்பதும், மார்கழிக் குளிரில் கலங்கிக் கெட்டியாவதும் குற்றமல்ல. வெளிச்சம் படாத போத்தலில், அடுப்புக்கும் யன்னலுக்கும் தள்ளி வைத்தால் ஓர் ஆண்டளவு நிற்கும். பருப்பு வாசம் மாறிக் காறல் அடிக்கத் தொடங்கினால் தோலுக்கு ஆகாது. அதைக் கதவுப் பிணைச்சலுக்கு விடலாம்.